முன்பக்கம் மட்டும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் நலம். டீச்சரம்மாவுக்கு இது பரீட்சைத் தாள் திருத்தும் காலம், அதனால் வீட்டில் எனக்கு மட்டும் நலம் கொஞ்சம் குறைவு. உன் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

அம்மாவுக்கு இருமல் விடவில்லை. டாக்டர், "வீட்ல பழைய பேப்பர் ஏதாவது சேத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னறையில் நாற்காலி நான்கு உண்டு, உட்காரத்தான் முடியாது. நான்கிலும் காகிதம். தையல் மெஷின் மேல், ஃபிரிட்ஜ் மேல், கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. டீச்சர் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்துகிறாள்.

எங்கள் அலுவலகத்தில் காகிதச் சுமையைக் குறைப்பது எப்படி என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். மூன்று பெட்டி வைக்க வேண்டும்: வேண்டியது, செய்ய வேண்டியது, போக வேண்டியது. ஒரு தாளை ஒரு தடவைதான் கையில் எடுக்கலாம். வேண்டியதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால் அறை காலி. அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் சும்மா கிடக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பெரியவள், சொன்னால் கேட்பாள். உன் சம்மதம் வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. மாத்திரை போடுகிறேன். போட்டும் கொதிக்கிறது என்றால் அதற்குக் காரணம் உப்பு இல்லை, அலுவலகம்.

எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கும் நீ போன பயிற்சிக்குப் போய்வந்த ஒரு மேலாளர் வாய்த்திருக்கிறார். சாயங்காலம் யார் மேசையிலும் ஒரு தாள்கூட இருக்கக் கூடாதாம். இருந்தால் துப்புரவு ஆட்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நான் புகார்ப் பிரிவைப் பார்ப்பவள். மூன்று வருடத்துக்கு மேல் நடவடிக்கை இல்லாத புகார்களை எல்லாம் கழித்துவிடச் சொல்லி உத்தரவு. நடவடிக்கை எடுக்காதது நாங்கள், கழிக்கப்படுவது அவர்கள். நேற்று ஒரு பெண் வந்தாள். அவள் தெருவில் குழாய்க்குள் சாக்கடை கலக்கிறது. எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "பழைய மனு இங்க இல்லம்மா. காப்பி வச்சிருக்கீங்களா?" என்றார். அவள் கைப்பையைக் குடைந்தாள், குடைந்தாள், பிறகு எழுந்து போய்விட்டாள்.

அதனால் சொல்கிறேன். அம்மாவின் பழைய வாரப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடு, காலாவதியான மருந்துச் சீட்டைப் போடு. பின்சந்து மனுக்களைத் தொடாதே. பக்கத்துக் குடோன்காரர் அந்தப் பொதுப்பாதையில் சுவர் எழுப்பியதிலிருந்து அம்மா நகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள். சந்து வழியாக இருந்தால் கிளினிக் கூப்பிடு தூரம். இப்போது முட்டிவலியோடு லாரி ஓடும் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு விசாரணை வைக்கப் போவதாக அவளுக்குத் தகவல் வந்திருக்கிறது. அவள் கையில் இருப்பது அந்த நகல்கள் மட்டும்தான்.

விசாரணைக்கு என்னையும் வரச் சொல்கிறாள். விடுப்பைப் பார்க்க வேண்டும். என் பதவியில் இருந்துகொண்டு இன்னொரு அலுவலகத்துக்கு எதிராகப் பேசுவதில் உள்ள சங்கடம் உனக்குத் தெரியும்.

எதுவானாலும் முதலில் அவளைக் கேள். டீச்சரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். உன் கடிதத்தையும் ஸ்கேன் செய்து, "அக்கா, கோபம், மார்ச்" என்று பெயர் வைத்துப் பத்திரப்படுத்திவிட்டேன்.

முன்னறையை இப்போது பார்த்தால் நம் வீடா என்று கேட்பாய். ஜன்னல் இருக்கிறது அக்கா! இத்தனை காலம் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. டீச்சர் மேசை போட்டு உட்கார்ந்து திருத்துகிறாள். ஸ்கேனரில் ஒரு கட்டு வைத்தால் தானே இழுத்துக்கொள்கிறது, சர்ர் சர்ர் என்று. வருட வாரியாக, மாத வாரியாக அடுக்கிவிட்டேன். எல்லாம் பத்திரம்.

அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். இடம் மாறினால் இருமலுக்கு நல்லது என்று நான்தான் அனுப்பிவைத்தேன். நீ வீணாகக் கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நலமாக இல்லை.

சித்தியும் எழுதியிருக்கிறாள். அம்மா மார்ச் ஐந்தாம் தேதியே அங்கே வந்துவிட்டாளாம். என் சம்மதம் கேட்டு நீ எழுதியது நாலாம் தேதி. என் பதிலுக்கு நீ காத்திருக்கவே இல்லை. அம்மாவைக் கேட்கவும் இல்லை, ஊருக்கு அனுப்பிவிட்டாய். பிறகு எதற்கு எனக்குக் கடிதம்? நாளைக்கு அம்மா கேட்டால், "அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்று சொல்வதற்கா?

"எல்லாம் பத்திரம்" என்கிறாய். கணினிக்குள் இருப்பதைச் சொல்கிறாயா, காகிதத்தைச் சொல்கிறாயா? தாள்கள் எங்கே? ஒரு வரியில் பதில் எழுது.

மேலாளரோடு நேற்று எனக்கு வாக்குவாதம். "கழிக்க வேண்டிய மனுக்களை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கழிக்கலாமே" என்றேன். "படிச்சுப் பாத்தா கழிக்க மனசு வராது மேடம்" என்றார். நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்து மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அம்மா திரும்பி வந்துவிட்டாள். இருமல் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் இப்போது தலையணை உறையை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்.

நீ கேட்டதற்கு: ஸ்கேன் ஆன பிறகு தாளுக்கு என்ன வேலை? பழைய பேப்பர்காரரை வரச் சொல்லிப் போட்டுவிட்டேன். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள், இரண்டையும் வைத்துக்கொண்டால் சுமை இரட்டிப்பு என்று.

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எங்கடா?" என்றாள். என்ன, ஏது என்று ஒன்றும் இல்லை, வெறும் "எங்கடா?". நான் டேப்லெட்டைக் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். நாலைந்து பக்கம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. டீச்சர் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், "இதையும் ஸ்கேன் பண்ணியாச்சா?" என்கிறாள்.

எனக்குத்தான் புரியவில்லை. மின்கட்டண ரசீதுகள் மட்டும் எத்தனை வருடத்துக்கு, ஒன்றுகூட விடாமல் அழகாக வரிசையில் இருக்கின்றன! மாதிரிக்கு ஒன்றை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எவ்வளவு தெளிவு பார். மனுக்கள்தான் அதிகம் அகப்படவில்லை. மூன்றோ நான்கோ இருந்தன, அவையும் பாதியில் அடித்துவிட்ட வரைவுகள். அம்மா அடிக்கடி பெருமையாகச் சொல்வாளே, அத்தனை எழுதியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் மின்கட்டண ரசீது வந்தது. மிகவும் தெளிவு. பின்பக்கம் வெறுமை.

அடேய், அம்மா தன் நகலுக்கு எந்தக் காலத்தில் புதுத் தாள் எடுத்திருக்கிறாள்? நீயும் நானும் பள்ளிக்கூடக் கணக்கை எதில் போட்டோம்? ரசீதின் முதுகில், நோட்டீஸின் முதுகில், கல்யாணப் பத்திரிகையின் முதுகில். நகராட்சிக்குக் கொடுப்பது மட்டும் வெள்ளைத் தாள். தனக்கு வைத்துக்கொள்வதை ரசீதின் பின்னால் எழுதி, அதன்மேலேயே "பெறப்பட்டது" என்று முத்திரை வாங்கிக்கொண்டு வருவாள். முத்திரை போடும் ஆள் சிரிப்பாராம், "ஏம்மா, ஒரு பேப்பர் வாங்க வழியில்லையா?" என்று. இவள், "பேப்பர் இருக்கு தம்பி, பதில்தான் இல்ல" என்பாளாம்.

அத்தனை மனுக்களையும் கையில் எடுத்து, முகத்தை மட்டும் படம் பிடித்து, முதுகைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறாய். ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ரசீதுகளை யாரிடம் காட்டப் போகிறாய்? மின்சாரம் வந்ததா இல்லையா என்று உன்னை யார் கேட்டார்கள்?

இந்தக் கடிதம் கிடைத்ததும் பழைய பேப்பர்காரரிடம் போ. ஸ்கேன் செய்துகொண்டு நிற்காதே, போ.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

போனேன். முன்பே லாரி ஏற்றி மில்லுக்கு அனுப்பிவிட்டாராம். மில்லுக்கும் போனேன். ஒரு தொட்டியைக் காட்டினார்கள். கூழாக இருந்தது.

பின்னால் எழுத்து இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஏதோ கணக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் உன்னிடம் கேட்க இருக்கிறது. சுவர் எழும்பிய நாளிலிருந்து அம்மாவைச் சாலை சுற்றி கிளினிக்குக் கூட்டிப்போவது யார்? கடைத்தெருவில் அவளுக்கு "மனு அம்மா" என்று பெயர். எனக்கு "மனு அம்மா பையன்". முடிவெட்டப் போனால், "என்ன தம்பி, இன்னைக்கு மனு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காகிதம் போய்த் தொலைந்தால் இந்தப் பேச்சும் தொலையும் என்று நினைத்திருக்கலாம். நீ அங்கிருந்து அழகாகக் கோபப்படுகிறாய். அம்மா உன்னை விசாரணைக்கு வரச் சொல்லி எத்தனை முறை எழுதினாள்? வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு தடவையாவது சொன்னாயா?

தேதி வந்துவிட்டது, ஜூன் 10. பழைய கோப்புகள் கழிக்கப்பட்டுவிட்டதால் மனுதாரர் தம்மிடமுள்ள நகல்களைக் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அதை அம்மா உரக்கப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தம்பி


மே 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமலும் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? நடந்ததைத் தம்பி எழுதினான். அவனை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

விசாரணையில் நீ கேட்க வேண்டியது இதுதான். கோப்பைக் கழித்தது அவர்கள், ஆகையால் கழிக்க உத்தரவிட்டவர் யார் என்று எழுத்தில் கேள். அவகாசம் கேள். வந்து சேர்ந்த மனுக்களுக்குப் பதிவேடு இருக்க வேண்டும், அதைக் கொண்டுவரச் சொல். பதற்றப்படாதே. மரியாதையாகப் பேசு. எங்கள் மாதிரி அலுவலகங்களில் குரலை உயர்த்தினால் கோப்பில் அதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

இங்கே தணிக்கை நடக்கிறது. மேலாளர் யாருக்கும் விடுப்புத் தருவதாக இல்லை. பார்க்கிறேன்.

உன் மகள்


ஜூன் 12

பெரியவளுக்கு,

இருமல் இருக்கிறது, முட்டி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

நேற்று முன்தினம் போனேன். சின்னவன் வாசல்வரை வந்தான். உள்ளே வரச் சொன்னேன், "வெளியில வண்டியப் பாத்துக்கறேம்மா" என்றான். அவன் வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களோ.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளவயசு அதிகாரி. மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி. குடோன்காரர் வரவில்லை, வக்கீல் வந்திருந்தார். நீ சொன்னபடி பதிவேடு கேட்டேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பழசு விட்டுப்போச்சும்மா" என்றார். உத்தரவு போட்டது யார் என்று கேட்டேன். "முன்னாடி இருந்த சார்." அவர் எங்கே? "ரிட்டையர் ஆயிட்டார்."

"உங்க காப்பி?" என்றார். டேப்லெட்டைக் காட்டினேன். வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு பில் ஒழுங்கா கட்டியிருக்காங்க சார், நல்ல குடிமகள்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. நான் மரியாதையாக நின்றேன். நீ சொல்லியிருந்தாயே.

பிறகு வாயாலேயே சொன்னேன். சந்து எவ்வளவு அகலம், கால்வாய் எந்தப் பக்கம், நகராட்சி விளக்குக் கம்பம் எங்கே, எல்லாம். அதிகாரி, "இது எதுலயாவது எழுத்துல இருக்காம்மா?" என்றார். வக்கீல் எழுந்து, இத்தனை வருடமாக யாரும் ஆட்சேபணை செய்ததாகப் பதிவே இல்லை, அது குடோனுடைய இடம்தான் என்றார். யாரும் ஆட்சேபிக்கவில்லையாம். நான் யாருமில்லை!

இப்போது உனக்கும் அவனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மார்ச்சிலிருந்து இரண்டு பேரும் என் காகிதத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அவன் என்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டான். நீ என்னைக் கேட்காமல் அவனைத் திட்டினாய். இத்தனை மனுவில் ஒன்றையாவது இரண்டு பேரில் ஒருவர் படித்ததுண்டா? ஒன்றிலாவது கையெழுத்துப் போட்டதுண்டா? எனக்கு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாய். நான் பேசத் தெரியாமலா தோற்றேன்? பக்கத்தில் ஆள் இல்லாமல் தோற்றேன்.

முழுதாகத் தோற்கவில்லை. அந்தச் சந்தில் நடந்தவர்கள் யாராவது வந்து சாட்சி சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொல்லி ஜூன் 26-க்குத் தள்ளிவைத்திருக்கிறார். நீ பள்ளிக்கூடம் போனது அந்தச் சந்து வழியாகத்தான். வருவாயா, மாட்டாயா? "பார்க்கிறேன்" என்று எழுதாதே. ஒரு வரி போதும், புத்திமதி வேண்டாம்.

அம்மா


ஜூன் 17

அம்மாவுக்கு,

வருகிறேன். மேலாளர் விடுப்புத் தரவில்லை, அதனால் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மகள்


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தாயா? சொல்லாமல் விடுப்பு எடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பார்கள் என்று பஸ் ஏறும்போது சொன்னாயே, கொடுத்துவிட்டார்களா? கொடுத்திருந்தால் பதிலைத் தனியாக எழுதாதே, எனக்கு அனுப்பு. சேர்ந்து திட்டுவோம்.

அன்று நீ சாட்சி சொன்னபோது நான் உன் பின்னால்தான் நின்றேன். வண்டியை வெளியே விட்டுவிட்டு. அந்த வக்கீல் உன்னைப் பார்த்து, "மேடம், நீங்களும் ஒரு அதிகாரி. உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கையில ஒரு பேப்பர் இல்லாம வந்தா ஏத்துப்பீங்களா?" என்று கேட்டார். நீ அவரை விட்டு அதிகாரி பக்கம் திரும்பினாய். பிறகு, "ஏத்துக்க மாட்டாங்க. தினம் திருப்பி அனுப்பறாங்க, நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதப் பாத்துப் பாத்துத்தான் லீவு கிடைக்காமலே இங்க வந்து நிக்கறேன்" என்றாய். அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன்.

நீ சொன்ன அந்த விளக்குக் கம்பத்தைப் பார்க்க அதிகாரி நேற்று நேரில் வந்தார். அம்மா ஜூன் 10 அன்று அதே கம்பத்தைச் சொன்னபோது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டவர்தான். உன்னைப் போல இன்னொரு அதிகாரி வாயிலிருந்து வந்ததும் கம்பத்துக்கு மதிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. குடோன் வாசலில் காவல்காரர், "முதலாளி இல்ல சார்" என்றார். "எனக்கு முதலாளி வேண்டாம், வழிய விடு" என்றார் அதிகாரி. அம்மா, நான், டீச்சர், பின்வரிசை வீட்டுக்காரர்கள் சிலர், எல்லோரும் உள்ளே போனோம்.

சுவருக்கு அந்தப் பக்கம், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே, நிற்கிறது அக்கா, கம்பம். நகராட்சி நம்பர் தகட்டோடு. தார்ப்பாய் கட்டிய கயிற்றின் ஒரு முனை அதில். அதற்குக் கீழே மூட்டைகளுக்கு இடையில் தெருவின் தார்கூட அப்படியே தெரிந்தது. தனியார் குடோனுக்குள்ளே நகராட்சி எதற்குக் கம்பம் நடும்?

அதிகாரி கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தகட்டைக் கைக்குட்டையால் துடைத்து நம்பரை எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் சுவரை எடுக்கச் சொல்லி உத்தரவு போடுவதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தோடு போயிருக்கலாம். அம்மா பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாகத்தான் கேட்டார்:

"ஏம்மா, இப்படி ஒரு கம்பம் உள்ள இருக்குன்னு மொதல்லயே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன் அக்கா. என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "எழுதினாங்க சார்! ஒவ்வொரு தடவையும் எழுதினாங்க! நீங்களும் படிக்கல, நானும் படிக்கல!" என்று கத்தியதாக டீச்சர் சொல்கிறாள். தெருவரைக்கும் கேட்டதாம். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். வீட்டு வாசல் வந்ததும் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் குரல இத்தனை வருஷமா எங்கடா வச்சிருந்தே?" என்றாள்.

உன் தம்பி